காரின் துர்நாற்றமும் சுகந்தப் புட்டியும்

சித்திரை வைகாசி மாதங்களில், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நண்பகல் வெயிலில் நெடுநேரம் நின்றிருந்த காரில் ஏறி, ஏ.சி.யைப் போட்டவுடன், குளிர்ச்சி வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு துர்நாற்றம் வந்து முகத்தில் மோதுவதை அறியாத கார்க்காரர்கள் அபூர்வம். அந்த நாற்றத்துக்கு அவர்கள் கண்டுவைத்திருக்கும் பரிகாரமும் ஏறக்குறைய ஒன்றேதான்: டேஷ்போர்டின் மேல் மல்லிகை மணமோ எலுமிச்சை மணமோ வீசும் ஒரு புட்டியை ஒட்டிவைப்பது, அது வற்றியதும் மற்றொன்றை வாங்குவது. இந்தப் பரிகாரம் பயனற்றது என்பதோடு நிற்காமல், சில சந்தர்ப்பங்களில் உயிருக்கே ஆபத்தானது என்பதும், காரின் நாற்றம் மறைக்கப்பட வேண்டிய அவமானம் அன்று, விசாரிக்கப்பட வேண்டிய ஓர் அடையாளம் என்பதும் என் அபிப்பிராயம்.

குளிர் தேசங்களில் இந்தப் புகார் ஹீட்டரைப் பற்றியே பெரும்பாலும் எழுகிறது. பனிக்காலம் முழுவதும் வெந்நீர்ச் சூட்டிலே காரை ஓட்டியாக வேண்டிய அந்நாட்டார், அதிலிருந்து எழும் வாசனைகளை வகை பிரித்து அறிந்துவைத்திருக்கிறார்கள். நம்முடைய ஜில்லாவில் ஹீட்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வருஷத்தில் ஒரு முறை ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போகும்போது, பின்னிருக்கையில் குழந்தை நடுங்குகிறதென்று யாராவது சொன்னால்தான் சிவப்புக் கோட்டின் பக்கம் அந்தக் குமிழ் திரும்புகிறது. ஆயினும் யந்திரத்தின் அமைப்பை நோக்கினால், சூடும் குளிரும் தனித்தனி வீடுகளில் வசிப்பவை அல்ல. டேஷ்போர்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள், முதலில் புளோயர் என்னும் காற்றாடி, அதை அடுத்துக் கடைக்காரர்கள் கூலிங் காயில் என்று அழைக்கும் குளிர்ச்சுருள், அதற்கும் அப்பால் எஞ்சினின் வெந்நீர் ஓடும் ஹீட்டர் காயில் என்று வரிசையாக அமைந்திருக்கின்றன. நம் முகத்துக்கு வரும் காற்று இவை இருக்கும் அந்தப் பெட்டியைக் கடந்தே வருகிறது. ஆகையால் அப்பெட்டிக்குள் எது அழுகினாலும், எது கசிந்தாலும், எது கருகினாலும் அது முதலில் வந்து சேருமிடம் நம் நாசிதான்.

நம் பக்கத்து வண்டிகளில் மிகுதியாகக் காணும் நாற்றம் பூஞ்சணத்தின் நாற்றம். குளிர்ந்த மோர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலவே, உறைநிலைக்குச் சற்றே மேற்பட்ட குளிரில் இருக்கும் அந்தச் சுருளின் மெல்லிய அலுமினியத் தகடுகளின்மீது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. கடற்காற்று வந்து சேரும் நம் ஊர்களில், ஆவணிக்குப் பிறகு, அந்நீரின் அளவு சாமானியமன்று. வண்டி நின்று ஏ.சி. அணைந்ததும், நனைந்த சுருள், இருட்டு, கதகதப்பு, காற்றோடு வந்த தூசி ஆகிய நான்கும் ஒன்றுகூடுகின்றன. பூஞ்சணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் இதைக் காட்டிலும் சௌகரியமான வாசஸ்தலம் வேறு வேண்டியதில்லை. மறுநாள் காலையில் புளோயர் சுழன்ற முதல் நிமிஷத்தில் வீசி, பிறகு அடங்கிவிடும் புளிப்பு நாற்றம் இதனால் வருவதே. முதல் நிமிஷம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில், நாற்றம் எப்போது வருகிறது என்பது, நாற்றம் எத்தகையது என்பதற்குக் குறையாத முக்கியம் உடையது.

அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது? முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் தண்டுகள் படுத்திருக்கும் இடத்தில், சல்லடை வாய் ஒன்று உண்டு. வெளிக்காற்று உள்ளே நுழையும் வழி அதுவே. புளியமரத்தாற் பெயர் பெற்ற திண்டிவனத்தில் நிழலென்று நாம் வண்டியை நிறுத்துவது புளியமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோதான். அவ்விரு மரங்களின் இலைகளும் சிறியவை, அந்தச் சல்லடைக்கு அடங்காதவை. பங்குனியில் வேப்பம்பூ உதிரும் காலத்தில் ஒரு வாரம் நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்து அந்த வாயை எட்டிப் பார்த்தால், ஒரு கைப்பிடிக்குக் குறையாத குப்பை அள்ளலாம். மழை வந்தால் அது ஊறி மக்குகிறது. வண்டியைக் கழுவும் பையன்கள் டயரையும் கண்ணாடியையும் பளபளப்பாக்கித் தருகிறார்களேயன்றி, அந்தச் சல்லடையைத் தொடுவதில்லை. நாமும் தொடச் சொல்வதில்லை.

சல்லடைக்குத் தப்பி வருவதைப் பிடிப்பதற்காகவே கேபின் பில்டர் என்னும் மடிப்புக் காகிதம் வைக்கப்பட்டிருக்கிறது. விலை குறைந்த சில வண்டிகளில் அதுவும் வைக்கப்படுவதில்லை. மரக்காணம் சாலையில் உள்ள ஓர் ஏ.சி. கடைக்கு நண்பரொருவர் தம் வண்டியைக் கொண்டுசென்றபோது உடனிருந்தேன். கடைப் பையன் வண்டிக்குள் தலையை நீட்டி முகர்ந்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கும் சார், கேஸ் அடிச்சிட்டா வாசனை பூடும்" என்றான். நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவசரப்படாதவர். "அடிக்கலாம்பா. அதுக்கு முன்னாடி அந்த பில்டரைக் கொஞ்சம் கழட்டிக் காட்டேன்" என்றார். பையன் இடப்பக்கத்துக் கைப்பெட்டியைத் திறந்து, அதன் இரு பக்கங்களையும் உள்ளே அழுத்தி முழுவதும் கீழே தொங்கவிட்டு, பின்னாலிருந்த சிறு மூடியை நீக்கி அதை உருவினான். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய காகிதம் சாம்பல் நிறத்தில், ஓரங்களில் பச்சைக் கறையோடு வந்தது. மடிப்புகளுக்கிடையே வேப்பிலைக் காம்புகள், காய்ந்த பூ, ஒரு புறாச் சிறகின் துணுக்கு, எலிப்புழுக்கை. "இதை எப்ப சார் மாத்துனீங்க?" என்று அவன் கேட்க, "மாத்தணும்னு யாருமே சொல்லலையேப்பா" என்றார் அவர். பையனிடம் வஞ்சகம் ஒன்றுமில்லை. தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லா நோய்க்கும் கேஸ் என்ற ஒரே மருந்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவ்வளவே.

பில்டரை மாற்றுவது சில நூறு ரூபாய் விவகாரம். வருஷத்துக்கு ஒரு முறையாவது செய்யத்தக்கது. காகித பில்டரைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மீண்டும் போடும் சிக்கனத்தை நான் சிலாகிக்க மாட்டேன். அது காய்வதற்கு முன் உள்ளே போய், தானே பூஞ்சணத்தின் விளைநிலமாகிறது. அதோடு, படிந்த நீர் வெளியேறும் குழாயையும் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் ஏ.சி. ஓடும் வண்டியின் அடியில் தெளிந்த நீர் சொட்டுவதைக் கண்டு சிலர் எஞ்சின் கசிகிறதென்று கலங்குவதுண்டு. கலங்க வேண்டியது அது சொட்டாதபோதுதான். குழாய் அடைபட்டால் நீர் பெட்டியிலேயே தேங்கி, இடப்பக்கத்து இருக்கையின் காலடி விரிப்பை அடியிலிருந்து நனைக்கிறது; மேலே ரப்பர் பாய் இருப்பதால் பல நாள் தெரிவதில்லை. பஞ்சர் கடைக் காற்றை அக்குழாயின் வெளிமுனையிலிருந்து மெதுவாகச் செலுத்தினாலே பெரும்பாலும் அடைப்பு நீங்கும். கம்பியை விட்டுக் குத்துவது கூடாது. இவற்றுக்குப் பிறகும் நாற்றம் நீடித்தால், சுருளைக் கழுவும் நுரை மருந்தை முறையாக அடித்து, அழுக்கு நீர் முழுவதும் வடியவிட வேண்டும். டேஷ்போர்டைக் கழற்றுவது கடைசி யுக்தி.

கழுவிய சுருள் மீண்டும் கெடாதிருக்க, செலவே இல்லாத பழக்கமொன்று உண்டு. வீடு சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏ.சி. பொத்தானை அணைத்துவிட்டு, புளோயரை மட்டும் வேகமாக ஓடவிட்டால் சுருள் காய்ந்துவிடும். முதன்முதலில் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தி விற்கப்பட்ட, 1940-ஆம் வருஷ மாதிரியான பாக்கார்டு கார்களில் இந்த வசதிகூடக் கிடையாது. குளிரை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. நமக்கு ஒரு விரலசைவு போதும். அந்த அசைவுக்கும் சோம்பல்.

இனி கேஸ் என்னும் மகா மந்திரத்துக்கு வருகிறேன். நம் வண்டிகளின் ஏ.சி.யில் ஓடும் ஆர்-134ஏ என்ற வாயு கிட்டத்தட்ட வாசனையற்றது. அது குறைந்தால் குளிர்ச்சி குறையுமேயன்றி நாற்றம் பிறக்காது. அதை நிரப்பினால் குளிர் மிகுமேயன்றிப் பூஞ்சணம் சாகாது. சமையல் எரிவாயுவுக்கு நாற்றம் உண்டே என்பார் சிலர். அதுவும் அதன் இயற்கையன்று. எத்தில் மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் என்ற ஊரில், 1937 மார்ச் 18 அன்று, பள்ளிக்கூடத்துத் தரைக்கடியில் கசிந்து தேங்கிய எரிவாயு எவர் மூக்குக்கும் எட்டாமல் வெடித்து, ஏறக்குறைய முந்நூறு பேரை, பெரும்பாலும் சிறுவர் சிறுமியரை, மாய்த்த பிறகே, எரிவாயுவுக்கு நாற்றமூட்டுவது அங்கே சட்டமாயிற்று. துர்நாற்றத்தைப் பணம் கொடுத்துச் சேர்க்கும் உலகத்தில், தானாக வரும் துர்நாற்றத்தை நாம் பணம் கொடுத்து மறைக்கிறோம்.

வேண்டாத வேளையில் கேஸ் அடிப்பதால் கெடுவது பர்ஸ் மட்டுமன்று. பழைய கேஸைத் திறந்து காற்றில் விட்டுவிட்டுப் புதியதை அடிப்பது நம் சாலையோரக் கடைகள் பலவற்றின் வழக்கம். ஓசோன் படலத்தை அரித்த ஆர்-12 வாயுவுக்கு 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை முடிவுகட்டியதால் அதன் இடத்தில் வந்த இந்த ஆர்-134ஏ, ஓசோனுக்குத் தீங்கு செய்யாதெனினும், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைக் காட்டிலும் சுமார் 1,400 மடங்கு வலியது. ஒரு சிறு காரில் உள்ள ஏறத்தாழ அரைக் கிலோவை வெளியே விடுவது, சுமார் 700 கிலோ கரியமில வாயுவை விடுவதற்குச் சமானம். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் செய்துகொண்ட திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. டெல்லியில் ஏற்றதைத் திண்டிவனத்து ஏ.சி. கடையில் எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

பூஞ்சணத்துக்கு அடுத்தபடி எலி. இதில் நம் ஜில்லா எவருக்கும் சளைத்ததன்று. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் பூமி. நிலக்கடலை ரகங்களின் பெயரில் டி.எம்.வி. என்று இன்றும் நிற்கும் எழுத்துக்கள் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டையும் வண்டியையும் நாடுகின்றன. டிக்கியில் மணிலா மூட்டை ஏற்றி வந்த வண்டியானால் விசேஷ மரியாதையோடு நாடுகின்றன. வெதுவெதுப்பான எஞ்சின் மேலே ஏறி, மேற்சொன்ன சல்லடை வாயின் வழியே புளோயர் அறைக்குள் இறங்கி, பில்டர் காகிதத்தையே கிழித்து மெத்தையாக்கிக் குடும்பம் நடத்துகின்றன. ஒன்று உள்ளே செத்துவிட்டால், புளோயரின் வேகம் கூடக் கூட நாற்றமும் கூடும். அதுவே அதன் இலட்சணம். அப்போது எந்தப் புட்டியும் ஜயிக்காது; மல்லிகையும் செத்த எலியும் கலந்த வாசனை, செத்த எலியின் தனி வாசனையிலும் கொடியது. கைப்பெட்டிக்கு அடியில் உள்ள சில ஸ்குரூக்களைக் கழற்றிப் புளோயரை இறக்கிப் பார்ப்பதே வழி. கையுறையும் முகமூடியும் அணிந்து, கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகே எச்சங்களைத் துடைக்க வேண்டும். எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதை மறக்கலாகாது. மீண்டும் வராதிருக்க, சல்லடையின் உட்புறம் மெல்லிய கம்பி வலையொன்றைப் பொருத்திவிட்டால் போதும். புகையிலைக் காம்பை எஞ்சினில் செருகிவைக்கும் டிரைவர்களின் நம்பிக்கையை நான் கெடுக்க விரும்பவில்லை. நாப்தலீன் உருண்டைகளைப் போடுவதை மாத்திரம் வேண்டாமென்பேன், அதன் ஆவியும் அந்தக் காற்றாடியின் வழியே உள்ளே வந்து கைக்குழந்தைக்குத் தீங்கிழைக்கக்கூடும்.

ஹீட்டருக்கே உரிய நாற்றம் ஒன்றுண்டு. அது நாற்றம் என்றே முதலில் தோன்றாது, ஏனெனில் அது இனிப்பானது. எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் கூலண்ட் எத்திலீன் கிளைகால் என்ற பொருளைக் கொண்டது; இனிப்பு உடையது, விஷமும் உடையது. ஹீட்டர் காயில் அரித்துத் துளை விழுந்தால், சுமார் 90 பாகைச் சூட்டில் ஓடும் அந்தத் திரவம் ஆவியாகிக் காற்றோடு வந்து, முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பசையாகப் படிகிறது. காலடி விரிப்பில் பிசுபிசுப்புத் தெரிகிறது. கூலண்ட் அளவு நாளுக்கு நாள் இறங்குகிறது. ஏ.சி. நீரானால் வாசனையும் பசையும் அற்றது; இரண்டையும் பிரித்தறிய விரல் நுனியே போதும், நாக்கு வேண்டாம். காயில் ஏன் அரிக்கிறது என்றால், கூலண்ட் குறைந்ததும் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பும் நம் பழக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உப்பு மிகுந்த அந்த நீர் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து, நுண்ணிய குழாய்களை அடைத்து அரிக்கிறது. ஊட்டி மலையில் முதன்முறையாக ஹீட்டரைப் போட்டதும் வரும் தூசி கருகும் வாசனைக்கு அஞ்ச வேண்டியதில்லை, சிறிது நேரத்தில் போய்விடும். இனிப்பு வாசனைக்கு அஞ்ச வேண்டும், பயணத்தின் நடுவில் எஞ்சின் கொதித்து நிற்கும் நாள் தொலைவிலில்லை என்பதே அதன் பொருள்.

பெட்ரோல் வாசனை, பிளாஸ்டிக் கருகும் வாசனை ஆகிய இரண்டுக்கும் ஆராய்ச்சி வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி, அணைத்து, எல்லாரும் இறங்கிவிட வேண்டும். அழகுப் பொருள் கடைகளில் விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்கும் ஒயரை வெட்டி ஒட்டும் வேலை நடந்த வண்டிகளில் இரண்டாவது வாசனை அதிகம். அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால் அளவுமீறி சார்ஜ் ஆகும் பேட்டரியையும், சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சில சமயம் குற்றம் காரினுடையதே அன்று. கரும்பு அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கத்தைக் கடக்கும்போது வெல்லப்பாகு புளித்த நெடி வண்டிக்குள் புகும். அதை ஒரு பரீட்சையாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். உள்காற்றுப் பொத்தானை அழுத்திய பின்னும் நெடி முன்போலவே வந்துகொண்டிருந்தால், வெளிக்காற்றை மறிக்கும் மடல் வேலை செய்யவில்லை என்றோ, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது என்றோ கொள்ளலாம். கரும்பு நெடி புகும் வழியில் புகையும் புகும்.

புகைதான் இவை எல்லாவற்றிலும் பொல்லாதது. சைலன்சர் குழாய் துருப்பிடித்துத் துளை விழுந்து, டிக்கிக் கதவின் ரப்பரும் இற்றுப்போன வண்டியில், எஞ்சின் புகை மெல்ல உள்ளே வருகிறது. அதில் நாம் முகர்வது புகையின் நெடியை மட்டுமே. கொல்லுவதாகிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும் அந்த வாயு, முதலில் தலைவலியையும் பிறகு உறக்கத்தையும் தந்து, உறக்கத்தை முடிவில்லாததாக்குகிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஊர்தி ஒன்றில் ஏ.சி.யோடு உறங்கிய இருவர் பிணமாகக் காணப்பட்டதற்கும், ஜெனரேட்டர் புகையிலிருந்து உள்ளே புகுந்த இந்த வாயுவே காரணமென விசாரணையில் தெரிந்தது. சவாரி முடித்த இரவுகளில், ஜி.எஸ்.டி. சாலையின் ஓட்டல் வாசல்களில், கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யை ஓடவிட்டு உறங்கும் டாக்சி டிரைவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அச்சம் உண்டாகிறது. புகையின் நெடி ஒன்றே அவர்களுக்குள்ள எச்சரிக்கை. சுகந்தப் புட்டி அந்த எச்சரிக்கையின் வாயையும் பொத்திவிடுகிறது.

நாசியின் சுபாவமும் இதற்கு உடந்தை. மூக்கிலுள்ள வாசனை வாங்கிகளின் பரம்பரை இரகசியத்தைக் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதனுக்கு ஏறத்தாழ நானூறு வகை வாங்கிகள் உண்டு என்கிறார்கள். அத்தனை இருந்தும், ஒரே வாசனையில் சில நிமிஷங்கள் இருந்தால் மூக்கு அதை மறந்துவிடுகிறது. தொல்காப்பியத்தின் மரபியலில் மூக்கறிவு கறையானுக்கும் எறும்புக்கும் உரிய மூன்றாம் அறிவாக வைக்கப்பட்டிருக்கிறது. எறும்பு அந்த அறிவைக் கொண்டே பிழைக்கிறது, நாம் அதை அலட்சியப்படுத்தியே பிழைக்கப் பார்க்கிறோம். நாள்தோறும் ஓட்டுகிறவருக்குத் தம் வண்டியின் நாற்றம் தெரியாது. விழுப்புரம் புதுப் பஸ் நிலையத்தில் ஏறிக்கொள்ளும் மைத்துனருக்குக் கதவைத் திறந்தவுடன் தெரியும். "என்ன மாமா, வண்டில ஏதோ வாடை அடிக்குதே" என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல், எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்பதே விவேகம்.

வெள்ளம் கண்ட வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த விஷயத்தை விட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயல், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகி, அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையின் மேலாகவே ஓடியது. அந்நாட்களில் எத்தனையோ வண்டிகள் இருக்கை மட்டத்துக்கு நீரில் நின்றன. அவற்றின் விரிப்புக்கடியில் உள்ள தடித்த பஞ்சு, இருக்கைகளைக் கழற்றி, விரிப்பை முழுவதும் எடுத்து வெயிலில் காயப்போட்டாலன்றிக் காய்வதில்லை. மேலே துடைத்து மேலே மணமூட்டிய வண்டிகள் இரண்டாங்கை விற்பனைக்கு வருகின்றன. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் இதுவே நடந்தது. வாங்கப் போகிறவர் முன்னிருக்கையின் சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை இழுத்து, எப்போதும் சுருண்டே கிடக்கும் அடிப்பகுதியைப் பார்க்கட்டும், முகரட்டும். விற்கிறவர் கழுவ மறக்கும் இடம் அது, வண்டல் கறையும் ஏரி நாற்றமும் அங்கே தங்கியிருக்கும். கண்ணாடிகளை ஏற்றிக் கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், எஞ்சியதும் தெரிந்துவிடும்.

இவ்வளவும் தனிமனிதர் சிரத்தை. பொதுவில் செய்யத்தக்கதும் உண்டு. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக்குக்கு ஒரு வகுப்பும், குளிர்சாதன மெக்கானிக்குக்கு மற்றொரு வகுப்பும், இரண்டும் இரண்டாண்டுப் படிப்பாக, இருக்கின்றன. காரின் ஏ.சி. இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்த அநாதை; முன்னவர் குளிரை அறியார், பின்னவர் காரை அறியார், ஆகவே அத்தொழில் சாலையோரத்தில் செவிவழியாகக் கற்கப்படுகிறது. ஏற்கனவே கடை வைத்திருக்கும் பையன்களுக்கு மாலை வேளையில் சில வாரப் பயிற்சியும், பழைய கேஸைக் காற்றில் விடாமல் உறிஞ்சி எடுக்கும் யந்திரம் வாங்கச் சுலபக் கடனும் கொடுப்பது அரசாங்கத்துக்குப் பெருஞ்செலவு அன்று.

வாடகை வண்டிகளின் விஷயத்தில் இன்னும் ஒருபடி மேலே போகலாம். புதிய வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும், எப்.சி. என்னும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படுகிறது. பிரேக்கும் விளக்கும் புகையும் அப்போது சோதிக்கப்படுகின்றன. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம் மூடிய கண்ணாடிக்குள் பயணி எந்தக் காற்றைச் சுவாசித்துப் போகிறார் என்பதும் அச்சோதனையில் சேர வேண்டும். கைப்பெட்டியின் பின்னாலிருந்து அந்த பில்டரை உருவிப் பார்க்கவும், சைலன்சர் குழாயின் அடியில் விளக்கடித்துப் பார்க்கவும் ஆய்வாளருக்குச் சில நிமிஷம் போதும். காகிதம் கறுத்திருந்தாலோ குழாய் துளைத்திருந்தாலோ, மாற்றிக்கொண்டு மறுநாள் வரச் சொல்லலாம்.